களவு போன சரக்கைப் பணியாளரின் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்: சில்லறை வணிக நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், கிளை மேலாளர்களுக்கும் வணக்கம்.

பதின்மூன்று ஆண்டுகளாகக் கடையில் நின்று பிழைப்பவள் நான். முதல் நான்கு ஆண்டுகள் விற்பனைத் தளத்தில் சரக்கு அடுக்கினேன். அதன்பின் பில் போடும் மேசையில் உட்கார்ந்தேன். கடைகளில் நடக்கும் களவையும், அதைத் தடுக்கப் போய்ப் பணியாளர்கள் அடி வாங்குவதையும் பற்றி உங்கள் கூட்டங்களில் நிறையப் பேசப்படுகிறது என்று அறிகிறேன். கேமராக்கள், கதவருகே அலறும் கருவிகள், காவலாளிகள், கடுமையான தண்டனை என்று பேச்சு எங்கெங்கோ போகிறது. அவற்றில் எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் மாற்ற வேண்டிய ஒன்று, உங்கள் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. களவு போன சரக்கின் மதிப்பைப் பணியாளரின் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் இருக்கும்வரை, நீங்கள் செய்யும் எந்தப் பாதுகாப்பு ஏற்பாடும் முழுமையாக வேலை செய்யாது. அதைத்தான் இந்த மடலில் எடுத்துச் சொல்ல முயல்கிறேன்.

நான் முன்பு வேலை செய்த ஒரு கடையில், பணியாளர் அறைக்குள் நுழைந்ததும் வருகைப் பதிவுக் கருவிக்கு நேர் மேலே ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். மாதந்தோறும் இருப்பு எடுத்த மறுநாள் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவார்கள். இடப்பக்கம் பிரிவின் பெயர், நடுவில் குறைந்த பொருள்களின் எண்ணிக்கையும் மதிப்பும், வலப்பக்கம் அந்த மாதம் அந்தப் பிரிவில் நின்றவர்களின் பெயர்கள். குறைந்தது களவினாலா, சரக்கு வந்து இறங்கியபோதே எண்ணிக்கை தவறியதா, உடைந்து ஒதுக்கியதைக் கணக்கில் எழுத மறந்ததா என்று யாரும் ஆராய மாட்டார்கள். மொத்தத் தொகையைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து அந்தந்தப் பெயருக்கு நேரே எழுதிவிடுவார்கள். வேலைக்கு வந்ததும் போகும்போதும் விரலை வைக்கும் இடம் அது என்பதால், ஒரு நாளைக்கு இருமுறை அந்தத் தாளைப் பார்க்காமல் யாரும் இருக்க முடியாது.

அதே கடையில், வேலைக்குச் சேரும் நாளில் தரும் கையேட்டில், திருடுபவரைத் துரத்தக் கூடாது, கைகலப்பில் இறங்கக் கூடாது, மேலாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அச்சடித்திருந்தது. நாங்கள் எல்லோரும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தோம்.

ஒரு மாலை, கூட்டம் குறையத் தொடங்கிய நேரம். சவர பிளேடும் வாசனைத் திரவியமும் இருக்கும் பிரிவில் நின்ற பையனுக்கு வயது இருபது இருக்கும். வேலைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒருவர் நான்கு பிளேடு பெட்டிகளை எடுத்து மேல்சட்டையின் உட்பையில் செருகுவதை அவன் பார்த்துவிட்டான். பார்த்ததும் கூப்பிட்டான்; அவர் நடையை எட்டிப் போட்டார்; இவன் ஓடினான். வாசலில், ஷட்டர் இறங்கும் இரும்புத் தடத்துக்குப் பக்கத்தில், அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு பெட்டியைப் பறித்தும்விட்டான். அடுத்த நொடி அவர் இவனைத் தோளோடு தள்ளியதில் வலக்கை அந்த இரும்பில் மோதியது. நான் பில் மேசையிலிருந்து எழுந்து போய்ச் சேர்ந்தபோது மணிக்கட்டுக்கு மேலே கை வேறு திசையில் திரும்பியிருந்தது. ஆனால் இடக்கையில் அந்த ஒரு பெட்டியை விடாமல் பிடித்திருந்தான். மருத்துவமனைக்கு வண்டி வரும்வரை தரையில் உட்கார்ந்திருந்தவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அக்கா, மூணு பெட்டி போயிடுச்சே, என் பேர்ல எழுதிடுவாங்களா?”

எழுதினார்கள். அடுத்த மாதத் தாளில் அவன் பெயர் இருந்தது. கட்டுப் போட்ட கையோடு அவன் வேலைக்கு வராத நாள்களுக்குச் சம்பளமும் இல்லை.

இதை அந்தக் கடையின் மேலாளர் கொடியவர் என்று காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து இருப்புக் குறைவு பற்றி மாதாமாதம் கேள்வி வந்துகொண்டுதான் இருந்தது. நான் கேட்பதெல்லாம் இதுதான்: துரத்தாதே என்ற தாளும், குறைந்தால் உன் சம்பளம் என்ற தாளும் ஒரே கடையில் இருக்கும்போது, இருபது வயதுப் பையன் எதைக் கேட்டு நடப்பான்? கையேட்டை அவன் ஒருமுறைதான் படித்தான். சம்பளத் தாளை மாதந்தோறும் வாங்குகிறான். அவனை வாசலுக்கு ஓட வைத்தது வீரமும் இல்லை, விசுவாசமும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோகும் தொகையில் குறைந்துவிடக் கூடாதே என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது திருடியவர் அல்லர் என்பதைத்தான் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் சில்லறை வணிகப் பணியாளர்களுக்கென்றே தனியாக ஒரு வரம்பை வைத்திருக்கிறது: கல்லாவில் பணம் குறைந்தாலும் சரக்கு இருப்பு குறைந்தாலும், ஒரு சம்பள நாளில் மொத்தச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. கலிபோர்னியாவின் ஊதிய ஆணைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பணியாளர் நாணயமின்றியோ வேண்டுமென்றோ பெருத்த அலட்சியத்தாலோ ஏற்படுத்திய இழப்பைத் தவிர வேறு எந்தக் குறைவையும் அவர் தலையில் கட்ட முடியாது. இந்தியாவின் 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலும், அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும், பணியாளரிடம் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்ட பொருள் அவருடைய கவனக்குறைவாலோ தவற்றாலோ நேரடியாக இழக்கப்பட்டால் மட்டுமே பிடித்தம் செய்யலாம். அதற்கு முன்பு அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். நாள் முழுதும் ஆயிரம் பேர் கைவைத்துப் பார்க்கும் திறந்த அடுக்கில் இருக்கும் சரக்கை, அந்தப் பிரிவில் நின்ற ஒருவருக்கு ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று எப்படிச் சொல்ல முடியும்? தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் போடும் கணக்கில் யாருடைய கவனக்குறைவு நிறுவப்படுகிறது? இந்தச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும், முதலாளியின் வணிக இழப்பைக் கூலிக்கு நிற்பவரின் கணக்கில் வரம்பின்றி மாற்றி எழுத முடியாது என்ற இடத்தில் மூன்றும் ஒன்று சேர்கின்றன.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்டு 2021 ஜூன் 25 முதல் நடைமுறைக்கு வந்த 190ஆம் உடன்படிக்கையை நீங்கள் ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். வேலையிடத்தில் வன்முறை, துன்புறுத்தல் இரண்டையும் ஒழிப்பது பற்றிய அந்த உடன்படிக்கை, ஒரே ஒருமுறை நடந்தாலும் அது வன்முறைதான் என்கிறது; உடலுக்கும் மனத்துக்கும் நேரும் கேட்டோடு பொருளாதாரக் கேட்டையும் சேர்த்துச் சொல்கிறது; வெளியாள்களால் நேரும் வன்முறையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதன் பத்தாம் பிரிவில், உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாகப் பணியாளர் தக்க காரணத்தோடு நம்பினால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்றும், விலகியதற்காக அவர் பழிவாங்கப்படவோ வேறு பாதிப்புக்கு உள்ளாகவோ கூடாது என்றும் இருக்கிறது. கத்தியோடு ஒருவர் நிற்கும்போது கல்லாவைத் திறந்து விட்டுவிட்டுப் பின்வாங்குவது இந்த உரிமைக்குள் அடங்குகிறது. அப்படிப் பின்வாங்கியவரின் சம்பளத்தில் போன தொகையைப் பிடிப்பது பழிவாங்கல் இல்லாமல் வேறென்ன?

அந்த உடன்படிக்கையோடு வந்த 206ஆம் பரிந்துரையில், வன்முறைக்கு அதிகம் ஆளாகக்கூடிய வேலைகளுக்கு எடுத்துக்காட்டுகள் தரப்பட்டிருக்கின்றன. மருத்துவம், போக்குவரத்து, கல்வி, வீட்டுவேலை எல்லாம் வருகின்றன. கடை வேலை என்று தனியாக ஒரு சொல் இல்லை. முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு அதே வரியில் இரவு வேலை, தனித்து வேலை செய்தல் என்ற இரண்டும் இருப்பதைக் கவனித்தேன். இரவு பத்து மணிக்குக் கடையை மூட ஒற்றை ஆளாக நிறுத்தப்படுபவர் இந்த இரண்டுக்குள்ளும் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறார்.

நிலைமை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு, இதை ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கும் இடத்திலிருந்து ஒரு கணக்கைத் தருகிறேன். பிரிட்டிஷ் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் ஆய்வின்படி, 2022-23இல் நாளொன்றுக்குச் சுமார் 1,300 ஆக இருந்த கடைப் பணியாளர்கள் மீதான வன்முறை, வசைமொழி நிகழ்வுகள், 2023-24இல் நாளொன்றுக்கு 2,000க்கு மேல் போயின. அவற்றில் நாள்தோறும் சுமார் 70 நிகழ்வுகளில் ஏதோ ஓர் ஆயுதம் இருந்தது. அதே ஆண்டில் 2 கோடிக்கு மேற்பட்ட களவு நிகழ்வுகள் பதிவாயின. காவல்துறையின் நடவடிக்கை மோசம் அல்லது மிக மோசம் என்று சொன்னவர்கள் 61 விழுக்காடு. இது வணிகர்களின் சங்கமே எடுத்த கணக்கு. தொழிற்சங்கம் மிகைப்படுத்தியது என்று யாரும் தள்ளிவிட முடியாது. எண்ணுவதற்கு ஆள் இல்லாத நாடுகளில் இப்படி எதுவும் நடப்பதில்லை என்று நினைத்துக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

வன்முறை என்றால் கத்தியும் துப்பாக்கியும் மட்டும்தான் என்று அலுவலகத்தில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். பில் மேசையில் இருப்பவர்களுக்கு அது வேறு உருவங்களில் வருகிறது. பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவரிடம் ரசீது கேட்டால் வரும். உரிய வயது ஆகாதவருக்கு விற்க மறுத்து அடையாள அட்டையைக் கேட்டால் வரும். தள்ளுபடி நேற்றோடு முடிந்துவிட்டது என்று சொன்னால் வரும். ரசீது கேட்கும் விதியையும் தள்ளுபடியின் கடைசி நாளையும் எழுதியவர் நீங்கள். வயது வரம்பை எழுதியது சட்டம். ஆனால் அதைச் சொல்லும் வாய் எங்களுடையது என்பதால், பணத்தாள்களை முகத்தில் எறிவதும், பெற்றோரை இழுத்துத் திட்டுவதும், கடை மூடியதும் வெளியே வா பார்க்கிறேன் என்பதும் எங்களுக்கு வந்து சேர்கிறது. பெண்களுக்கு இவற்றோடு இன்னொன்றும் சேரும். மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது கையைப் பிடித்து நிறுத்துபவரைப் பற்றி மேலாளரிடம் சொன்னால், அவர் நல்ல வாடிக்கையாளர், கொஞ்சம் பொறுத்துப் போங்கள் என்ற பதில் வருகிறது. இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் நீங்கள் அறியப்போவதில்லை.

ஸ்காட்லாந்து இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது. அங்கே 2021 ஜனவரியில் நிறைவேறி, அதே ஆண்டு ஆகஸ்ட் 24 முதல் நடப்பில் இருக்கும் சட்டம், கடைப் பணியாளரைத் தாக்குவது, மிரட்டுவது, இழிவாகத் திட்டுவது ஆகியவற்றைத் தனிக் குற்றமாக்கியது. வயது வரம்புச் சட்டத்தை அமல்படுத்தும்போது ஒருவர் தாக்கப்பட்டால் அந்தக் குற்றம் மேலும் கடுமையானதாகக் கருதப்படும். பொதுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்பவருக்கு அந்தச் சட்டமே துணை நிற்க வேண்டும் என்ற எளிய நியாயம் அதில் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2022ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்களுக்குச் சேவை செய்பவரைத் தாக்குவதைத் தண்டனையைக் கூட்டும் காரணியாக ஆக்கியது. கடைப் பணியாளரைத் தாக்குவதைத் தனிக் குற்றமாக்கும் மசோதா 2025 பிப்ரவரியில் அங்கே நாடாளுமன்றத்துக்கு வந்தது. இவற்றை நான் வரவேற்கிறேன். ஆயினும் தண்டனை என்பது அடி விழுந்த பிறகு வருவது. நீங்கள் அரசிடம் கடுமையான சட்டம் கேட்டு மனுக் கொடுக்கும்போது, அடி விழாமல் இருக்க உங்கள் கடைக்குள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வியும் கூடவே எழத்தான் செய்யும்.

செய்யக்கூடியவை புதியவையும் அல்ல. 1970களில் கலிபோர்னியாவில், சிறையிலிருந்து வெளிவந்த முன்னாள் கொள்ளையரிடமே கேட்டு ஓர் ஆய்வு நடந்தது. எந்தக் கடையைத் தேர்ந்தெடுப்பீர்கள், எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள் என்ற கேள்விகளுக்கு, தப்பிச் செல்ல எவ்வளவு எளிய வழி இருக்கிறது, கல்லாவில் எவ்வளவு பணம் இருக்கும் என்பவற்றை அவர்கள் முன்னிலையில் வைத்தார்கள். அதை ஒட்டிக் கல்லாவில் பணத்தைக் குறைத்து, சன்னலை மறைத்த விளம்பரத் தாள்களை எடுத்து, விளக்கைக் கூட்டிய கடைகளில் கொள்ளைகள் குறைந்தன. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு, நலவாழ்வு நிர்வாகம் பின்னிரவுக் கடைகளுக்கென்று 1998இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் இதே சிந்தனையைப் பார்க்கலாம்: பில் மேசை வெளியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும்; பெரிய தாள்களைப் பணியாளரால் திறக்க முடியாத பெட்டியில் உடனுக்குடன் போட வேண்டும்; கல்லாவில் குறைந்த பணமே இருக்கிறது என்று வாசலில் எழுதி வைக்க வேண்டும். இவற்றில் பெரும் செலவு பிடிப்பது எதுவும் இல்லை. சன்னல் முழுதும் ஒட்டிய தள்ளுபடி விளம்பரம் வெளியே போகிறவரின் கண்ணை இழுக்கிறது என்று நினைக்கிறீர்கள். உள்ளே தனியாக நிற்பவருக்கு அது, தெருவில் யாருக்கும் நான் தெரியவில்லை என்ற செய்தியைத்தான் சொல்கிறது.

தொழில்நுட்பத்தைப் பற்றி ஒரு சொல். முகத்தை அடையாளம் காணும் கேமராவை வாங்கினால் களவு நின்றுவிடும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ரைட் எய்ட் மருந்துக் கடை நிறுவனத்தின் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் எடுத்த நடவடிக்கையை நினைவூட்ட விரும்புகிறேன். அந்த நிறுவனத்தின் முகமறி கருவி ஆயிரக்கணக்கான தவறான எச்சரிக்கைகளைத் தந்தது என்றும், அதை நம்பிப் பணியாளர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்களைப் பின்தொடர்ந்தார்கள், கடையைவிட்டுப் போகச் சொன்னார்கள், மற்றவர் முன்னிலையில் திருட்டுப் பட்டம் கட்டினார்கள் என்றும் ஆணையம் குற்றம்சாட்டியது. ஐந்து ஆண்டுகளுக்கு அந்தத் தொழில்நுட்பத்தைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்த அந்த நிறுவனத்துக்குத் தடை வந்தது. கருவி தவறினால் அவமானப்படுபவர் வாடிக்கையாளர். அவருடைய நியாயமான கோபத்துக்கு முன்னால் நிற்பவர் பணியாளர். திருடாத ஒருவரைத் திருடன் என்று மறிக்கச் சொல்லி என்னை அனுப்பாதீர்கள். பணியாளர் இல்லாமல் தாமே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். ஆறு இயந்திரங்களுக்கு ஓர் ஆளை நிறுத்தி, ஒவ்வொருவர் பையையும் எட்டிப் பார்க்கச் சொல்லும்போது, விற்பனையாளராகச் சேர்ந்தவரை நீங்கள் காவலாளி ஆக்கிவிடுகிறீர்கள், காவலாளிக்குரிய பயிற்சியும் சம்பளமும் இல்லாமல்.

இரண்டு ஆள் வேண்டும் என்பதை நான் மீண்டும் மீண்டும் கேட்பேன். கடை திறக்கும்போதும் மூடும்போதும், பணத்தை எண்ணும்போதும், ஒருவரைத் தனியாக விடாதீர்கள். என் அனுபவத்தில் கடையில் நடக்கும் பெரும்பாலான தகராறுகள் இரண்டாவது ஆள் பக்கத்தில் வந்து நின்றதுமே தணிந்துவிடும். அவர் ஒன்றும் பேச வேண்டியதில்லை. வந்து நின்றால் போதும். செலவு என்று நீங்கள் சொல்லும் அந்த இரண்டாவது சம்பளத்துக்கு ஈடான பாதுகாப்பை எந்தக் கேமராவும் எனக்குத் தந்ததில்லை. கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். நடக்கும்போது குறுக்கே வந்து நிற்காது.

நடந்ததை எழுதி வைப்பதிலும் நாம் பின்தங்கியிருக்கிறோம். கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல், பெரும்பாலான முதலாளிகள் வேலையிட வன்முறையைத் தடுப்பதற்கான திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு பதிவேட்டில் குறித்து ஐந்து ஆண்டுகள் காக்க வேண்டும். பணியாளர்கள் கேட்டால் அதைக் காட்ட வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 2024இல் கையெழுத்தாகி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த சில்லறை வணிகப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாளர்கள் உள்ள நிறுவனங்களை, எழுத்து வடிவிலான கொள்கையும் பயிற்சியும் வைத்திருக்கச் சொல்கிறது. பல கடைகளில் இருப்புக் குறைவுக்குத் தனிப் புத்தகம் இருக்கிறது. பணியாளர் அடிபட்டதற்குப் புத்தகம் இல்லை. என் கண்முன் முகத்தில் அடி வாங்கிய ஒருவர், சொல்லி என்ன ஆகப்போகிறது, நாளைக்கு என்னைத்தான் ஏன் வாய் கொடுத்தாய் என்று கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு மீண்டும் மேசைக்கு வந்தார். சொல்லாமல் விழுங்கியவை எதுவும் உங்கள் அறிக்கையில் வராது. அறிக்கையில் வராததைக் காட்டிக் காவல்துறையிடம் ரோந்து கேட்கவும் உங்களால் முடியாது. பணியாளர் சொல்லத் துணிய வேண்டுமானால், சொன்னவருக்குக் கேடு வராது என்று அவர் முதலில் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்பதும் அந்தச் சம்பளப் பிடித்தம்தான். களவு நடந்ததைப் பார்த்தேன் என்று சொன்னால், பார்த்தும் ஏன் தடுக்கவில்லை, அப்படியானால் உன் கணக்கில் எழுதுகிறேன் என்று வரும் என்றால், யார் வாய் திறப்பார்கள்? களவைப் பற்றிய முதல் தகவல் கிடைக்க வேண்டிய இடத்தை நீங்களே அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் தரப்பில் சொல்லப்படும் ஒரு காரணத்தை நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. பிடித்தம் இல்லை என்றால் பணியாளர்கள் அசட்டையாகிவிடுவார்கள், சிலர் களவுக்கு உடந்தையாகவும் போவார்கள் என்கிறீர்கள். உள்ளிருந்தே களவு செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களால் எங்களுக்குத்தான் முதல் தலைகுனிவு. அப்படிப்பட்டவரை விசாரித்து, ஆதாரத்தோடு, சட்டப்படி நடவடிக்கை எடுங்கள். அதற்குத் தடை சொல்பவர் எங்களில் யாரும் இல்லை. ஆனால் அவர் ஒருவர் செய்ததற்காக அந்தப் பிரிவில் நின்ற எட்டுப் பேரின் சம்பளத்தையும் வெட்டுவது விசாரணை ஆகாது. விசாரிக்கும் உழைப்பைத் தவிர்த்துக்கொள்ள நீங்கள் கண்ட குறுக்குவழி அது. அந்தக் குறுக்குவழி இருப்பதால்தான் உண்மையில் சரக்கு எங்கே போகிறது என்பதை நிறுவனமும் தேடிக் கண்டுபிடிக்காமல் இருந்துவிடுகிறது. இழப்புத்தான் ஈடாகிவிட்டதே!

சிறு அளவில் தனியாகக் கடை நடத்துபவர்களுக்கு இதில் வேறு நெருக்கடி உண்டு என்பதும் எனக்குத் தெரியும். தானே உரிமையாளராகவும் தானே பணியாளராகவும் இருப்பவர், இழப்பை யார் கணக்கிலும் எழுத முடியாதவர். அவருக்குத் தேவையானவை காப்பீடும், அழைத்தால் வரும் காவலரும், பக்கத்துக் கடைக்காரரோடு ஓர் ஏற்பாடும். அவரை மனத்தில் வைத்து இந்த மடலை எழுதவில்லை. கிளைகள் பல வைத்து, காப்பீடும் கணக்காளரும் வைத்து, ஆண்டுத் தொடக்கத்திலேயே இவ்வளவு விழுக்காடு சரக்குக் குறையும் என்று கணக்கிட்டு விலையில் அதைச் சேர்த்துவிடும் நிறுவனங்களை நோக்கித்தான் எழுதுகிறேன். விலையில் ஒருமுறை வாடிக்கையாளரிடமும், சம்பளத்தில் ஒருமுறை பணியாளரிடமும் அதே இழப்பை வாங்கிக்கொள்வது நியாயமில்லை.

திருடுபவர் எல்லோரும் ஒரே வகை இல்லை என்பதையும் பதின்மூன்று ஆண்டுகளில் பார்த்திருக்கிறேன். பட்டியல் போட்டுக்கொண்டு, ஒருவர் பேச்சுக் கொடுக்க இருவர் அடுக்கைக் காலி செய்யும் கூட்டம் ஒரு வகை. இல்லாமையால் கை நீட்டிவிட்டு, பிடிபட்டதும் உட்கார்ந்து அழுபவர் இன்னொரு வகை. இருவரையும் பிரித்தறிந்து, ஒருவரிடம் விலகி நிற்கவும் மற்றவரிடம் தன்மையாகப் பேசவும் பயிற்சி பெற்றவரால்தான் முடியும். பயிற்சி என்றால் சேர்ந்த அன்று காட்டும் பத்து நிமிடக் காணொளியைச் சொல்லவில்லை. ஒருவர் குரலை உயர்த்தும்போது நாம் எங்கே நிற்க வேண்டும், மேசையின் எந்தப் பக்கம் கதவு இருக்கிறது, எந்தச் சொல்லைச் சொன்னால் பக்கத்து மேசையில் இருப்பவருக்கு உதவி தேவை என்று புரியும் என்பதையெல்லாம், வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, நின்று செய்து பார்த்துப் பழக வேண்டும்.

அடிபட்டவருக்கு அடுத்த நாள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் கேட்டுவிடுகிறேன். கை ஒடிந்தால் கட்டுப் போடலாம். கத்தியைக் கழுத்தருகே பார்த்தவர் மறுநாள் அதே மேசையில், அதே வாசலைப் பார்த்தபடி உட்கார வேண்டியிருக்கிறது. மேல்சட்டைக்குள் கையை விடுபவர் எவரைப் பார்த்தாலும், அவர் பணப்பையைத்தான் எடுக்கிறார் என்று தெரிந்தும், உள்ளங்கை வேர்க்கிறது. அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பும், வேறு இடத்தில் சிலகாலம் வேலையும், மனநல ஆலோசகரைப் பார்க்க வழியும், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகும்போது கூட வர ஓர் ஆளும் வேண்டும். சாட்சி சொல்லப் போகும் நாளை விடுப்பில் கழிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. உங்கள் சரக்குக்காகச் சாட்சி சொல்லத்தான் அவர் போகிறார்.

அந்தப் பையனைப் பிறகு ஒருமுறை பார்த்தேன். வேறொரு கடையில் கிடங்கில் வேலை செய்கிறான். வலக்கையால் கனமான பெட்டியைத் தூக்க முடிவதில்லை. இடக்கையால் அணைத்துத் தூக்கப் பழகிவிட்டான். அந்தக் கடையில் பிடித்தம் உண்டா என்று கேட்டேன். உண்டு, ஆனால் கிடங்கில் திருட யாரும் வரமாட்டார்கள் என்றான். இருபது வயதில் சேர்ந்தவன், வாடிக்கையாளர் முகத்தையே பார்க்க வேண்டாத இடத்தைத் தேடிப் போயிருக்கிறான். அவன் நல்ல விற்பனையாளன். தேடி வந்து அவனிடம் கேட்டு வாங்கியவர்கள் இருந்தார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. இந்த மாத இருப்பு எடுத்து முடித்ததும், பணியாளர் அறையில் ஒட்டும் அந்தத் தாளை ஒட்டாமல் விடுங்கள். குறைவைப் பணியாளர் பெயரில் எழுதும் பத்தியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதே இடத்தில், விரல் வைக்கும்போது கண்ணில் படும்படி, வேறொரு தாளை ஒட்டுங்கள்: களவையோ கொள்ளையையோ தடுக்க முயன்று யாரும் தங்களை ஆபத்துக்கு உள்ளாக்கிக்கொள்ள வேண்டாம், போன சரக்குக்காகவும் பணத்துக்காகவும் யாருடைய சம்பளத்திலும் ஒரு காசும் பிடிக்கப்படாது, பின்வாங்கியதற்காக யாரும் விளக்கம் கேட்கப்பட மாட்டார்கள். அச்சடித்து அனுப்பினால் மட்டும் போதாது. கிளை மேலாளருக்கு அதை எழுதித் தந்து, அவருடைய மாத மதிப்பீட்டில் இருப்புக் குறைவுக்குப் பக்கத்தில் பணியாளர் அடிபட்ட நிகழ்வுகளையும் ஒரு பத்தியாகச் சேருங்கள். தாளின் கீழே உரிமையாளரின் கையெழுத்து இருக்கட்டும். கையேட்டில் கையெழுத்துப் போடச் சொல்லி எங்களைக் கேட்டீர்கள், போட்டோம். இதில் போட வேண்டியவர் நீங்கள்.

இப்படிக்கு,
பில் போடும் மேசையிலிருந்து,
ஒரு கடைப் பணியாளர்